முதல் தோசை கணக்கில்லை

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. நெட்வொர்க்கின் வேகத்தை அளக்கும்போது முதல் அளவை எழுத மாட்டோம். இரண்டாவதிலிருந்துதான் எழுதுவோம். அந்த முதல் அளவுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் முதல் தோசை. கல் காயாமல் ஊற்றியது பிய்ந்துதான் வரும், அதை வைத்துச் சமையலை யாரும் எடை போடுவதில்லை, அந்த நியாயம். இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மென்பொருள் வழியாக இயங்கும் நெட்வொர்க்குகளின் செயல்திறனை மதிப்பிடுவது, இதுதான் என் முனைவர் பட்டத் தலைப்பு. சொந்தக்காரர்கள் "அப்படின்னா என்னது?" என்று ஒரு தடவை கேட்பார்கள், மறு தடவை கேட்க மாட்டார்கள். அப்பா மட்டும் விடவில்லை. அவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், குறுக்கு விசாரணை ரத்தத்தில் ஊறியது. அவரை உட்கார வைத்து விளக்கினேன். பழைய நெட்வொர்க்கில், கேபிள்கள் வந்து சேரும் ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்த மூளை உண்டு. எந்தத் தகவலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதுவே முடிவு செய்யும். புது நெட்வொர்க்கில் பெட்டிகளுக்கு மூளை கிடையாது. மூளை மொத்தமும் கண்ட்ரோலர் என்ற ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். பெட்டிக்குத் தெரியாத தகவல் வந்தால் கண்ட்ரோலரைக் கேட்கும். கண்ட்ரோலர் வழி சொல்லும். பெட்டி அதைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்து வருவதையெல்லாம் கேட்காமலே அனுப்பும். கொஞ்ச நேரம் அந்த வகைத் தகவல் வராவிட்டால் குறித்ததை அழித்துவிடும்.

"ஸ்டேசன்ல பாரா நிக்கிற புதுப் பய மாதிரி" என்றார் அப்பா. "மொகந்தெரியாத ஆளு வந்தா உள்ள ஓடிப்போயி இன்ஸ்பெக்டரக் கேப்பான். பொறவு அதே ஆளு வந்தா சல்யூட் அடிப்பான். நாலு நாள் வரலன்னா மறந்துபோவான்."

நான் ஐந்து வருடம் படித்ததை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். முதல் தகவல் எப்போதும் தாமதமாகத்தான் போகும், ஏனென்றால் அது கேட்டுவிட்டுப் போகிறது. அதற்குப் பின்னால் வருவது பறக்கும். நாங்கள் பறப்பதை மட்டும் அளந்து பெருமையாக வரைபடம் போடுவோம்.

கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக ஒரு நெட்வொர்க் உண்டாக்கி அதை அளந்தால் போதாது, நிஜமான ஓர் இடத்தில் அளந்தால்தான் ஐந்தாம் அத்தியாயம் நிற்கும் என்று என் நெறியாளர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை இந்தப் புது நெட்வொர்க்கைப் போட்டிருந்தது. மெஷின்களின் உணர்கருவிகள், கேமராக்கள், அலுவலகம் எல்லாம் ஒரே கேபிளில். கல்லூரியிலிருந்து யாராவது அளந்து ஒரு சான்று கொடுத்தால் நல்லது என்று மேலாளர் நினைத்தார். எனக்கு அத்தியாயம், அவருக்குக் காகிதம். இரண்டு பேருக்கும் வாய்க்கு ருசியான ஏற்பாடு.

அந்த மழைக்காலத்தில் மூன்று வாரம் பஸ் ஏறிப் போனேன். மேற்கே மலையை மேகம் மூடிக் கிடக்கும். அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதைத் தவிர பஸ்ஸில் வேறு பேச்சு இருக்காது. மில்லுக்குள் போனால் அதெல்லாம் மறந்துவிடும். அந்தச் சத்தத்தில் மழை பெய்வதுகூடத் தெரியாது.

மில்லில் எனக்கு உதவிக்கு விட்டவர் பாதுகாப்பு மேற்பார்வையாளர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். தேய்த்த காக்கிக் கால்சட்டை, சட்டைப் பையில் ஒரு குட்டி டைரி, ஒரு பென்சில். நான் எங்கே கேபிளைச் சொருகினேன், எத்தனை மணிக்குப் பிடுங்கினேன் என்று ஒன்று விடாமல் எழுதிக்கொள்வார். முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. நான்கைந்து நாளில் என் கம்ப்யூட்டரை விட அவர் டைரியை நம்ப ஆரம்பித்தேன்.

கடைசி நாள் ஆபத்துச் சங்கைச் சோதித்தோம். பஞ்சு மூட்டையை உடைத்து அடித்துத் தூசி பிரிக்கும் இடத்துக்கு ப்ளோ ரூம் என்று பெயர். மில்லில் தீப்பிடித்தால் பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். அதன் சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினால் மில் முழுக்கச் சங்கு ஊத வேண்டும். முன்பு அதற்குத் தனி ஒயர் இருந்தது. புது நெட்வொர்க் வந்த பிறகு அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, சங்கையும் அதே கேபிளில் சேர்த்துவிட்டார்கள். மேலாளர் அதை ஒரு சாதனையாகச் சொன்னார்.

கண்ணாடியைச் சாவி போட்டுத் திறந்து, அவர் பட்டனை அமுக்க, நான் நேரத்தை அளந்தேன். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் பட்டன் உள்ளே பூட்டிக்கொள்ளும், சாவியால்தான் விடுவிக்க வேண்டும். ஐந்தாவது தடவை ஊதியபோது பின்னால் இருந்த கழிவுப் பஞ்சு அறையின் கதவு திறந்தது. அங்கே வேலை பார்க்கும் அம்மா, தலையோடு சேர்த்துக் காதையும் மூக்கையும் துணியால் சுற்றிக் கட்டியிருந்தவர், எட்டிப் பார்த்தார்.

"என்னத்துக்கு இம்புட்டு ஊதுறிய? கதவச் சாத்துனாலும் காத அறுக்கு!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கதவை மூடிக்கொண்டார். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

முடித்துவிட்டு நான் ஒயர்களைச் சுருட்டும்போது மேற்பார்வையாளர் டைரியைப் பார்த்தபடி கேட்டார். "மேடம், பதினோரு தடவ அமுக்குனோம். நீங்க பத்துதான் எழுதியிருக்கிய. மொதத் தடவைய விட்டுட்டியளே?"

"அது முதல் தோசை அண்ணே. கணக்கில்லை" என்றேன். தோசைக்கல் கதையைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். பிறகு பென்சிலால் தலையைச் சொறிந்துகொண்டே, "அப்ப மொதத் தடவ செத்த நேரம் கழிச்சுத்தான் ஊதும், இல்லையா மேடம்? நெசமா தீப்புடிச்சா நான் ஒரு தடவதான அமுக்குவேன்" என்றார்.

"ஊதும் அண்ணே. கொஞ்சம் தாமதமா ஊதும், அவ்வளவுதான்."

"சரி மேடம்" என்றார். விறைப்பாக, பட்டாளத்துக்காரர் சொல்லும் சரி. டைரியிலும் ஏதோ குறித்துக்கொண்டார்.

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் கேட்ட கேள்வி என் ஐந்து வருடப் படிப்பில் யாரும் கேட்காத கேள்வி. நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. அறிக்கையில் சராசரி வேகம், வரைபடம், தகவல் இழப்பு பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே பக்கங்கள் ஐந்தாம் அத்தியாயமும் ஆயின.

அடுத்த வருடம் ஒரு பகல் நேரத்தில் ப்ளோ ரூமில் தீப்பிடித்தது.

கரண்ட் போயிருந்தது. திரும்ப வந்ததும் எல்லா மெஷின்களும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. அந்த நேரத்தில்தான் எங்கோ ஒரு பொறி பறந்து பஞ்சில் விழுந்தது. மேற்பார்வையாளர் ஓடிப்போய்க் கட்டைவிரலால் கண்ணாடியை உடைத்துப் பட்டனை அமுக்கினார். சங்கு ஊதவில்லை. மேடம்தான் சொன்னாரே, முதல் தடவை தாமதமாகத்தான் ஊதும் என்று அவர் நினைத்துக்கொண்டார். நிற்காமல், தண்ணீர்க் குழாயின் வால்வைத் திறக்கப் பின்பக்கக் கம்பிவேலி ஏறிக் குதித்து ஓடினார். வால்வையும் திறந்தார். ஆனால் சங்கு கடைசிவரை ஊதவே இல்லை. கழிவுப் பஞ்சு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. புகை அவரை எடுத்துக்கொண்டது.

பட்டன் பெட்டி உருகிக் கட்டியாகிவிட்டது. அவர் அமுக்கியதை யாரும் பார்க்கவில்லை. வேலி ஏறிக் குதித்ததைத்தான் நான்கு பேர் பார்த்திருந்தார்கள். எங்கள் சோதனையைக் குறித்துவைத்திருந்த போன வருடத்து டைரி அவர் மேஜையோடு எரிந்துபோய்விட்டது. கண்ட்ரோலரின் பதிவேட்டில் பட்டனிலிருந்து எந்தத் தகவலும் வந்ததாக இல்லை. ஆக, பட்டாளத்துக்காரன் பட்டனை அமுக்காமல் உயிருக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று ஆனது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒருவர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார். அங்கே ஒரு மனிதனைப் பற்றி இதைவிடக் கேவலமாகச் சொல்ல வேறொன்றும் கிடையாது.

மில்லே வைத்த விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை. பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோவிலுக்குப் போகும் கூட்டம் நாமம் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு முழுக்க நின்றது, ராஜபாளையம் பஸ்ஸில் ஏறுவதற்கே அரை மணி ஆனது. வேர்த்து வழியப் போய்ச் சேர்ந்தேன். மேலாளர் போனில் வீட்டாரோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். மேற்பார்வையாளரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கட்டைவிரலில் பெரிய கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"கண்ணாடிய ஒடச்சதுல கிழிஞ்சது சார்" என்று விரலைக் காட்டினார்.

"வேலி ஏறுனீங்கல்ல, அதுல கிழிஞ்சிருக்கும்" என்றார் விசாரிக்க உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்.

"மொதத் தோசை லேட்டாத்தான் வரும்னு மேடம் சொல்லியிருந்தாவ சார். அதான் ஊதிரும்னு நெனச்சு வால்வுக்கு ஓடுனேன். ஊதாதுன்னு தெரிஞ்சிருந்தா அந்தக் கதவத் தட்டியிருப்பேன்லா."

தோசையா என்று ஒருவர் சிரித்தார். ஆள் அதிர்ச்சியில் உளறுகிறார் என்று இன்னொருவர் எழுதிக்கொண்டார். மேலாளர் என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"மேடம், பட்டன அமுக்கி, தகவல் வழியிலேயே தொலைஞ்சுபோக வாய்ப்பு உண்டா?"

மேற்பார்வையாளர் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் பயமே இல்லை. மேடம் வந்துவிட்டார், இனிச் சரியாகிவிடும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. கரண்ட் வந்த நேரம், எல்லா மெஷினும் ஒன்றாக, எல்லாமே முதல் தகவல். எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

"எங்கள் அளவீட்டில் இழப்பு பூஜ்யம்" என்றேன்.

அது பொய்யில்லை. அதைவிட மோசமானது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே ஆய்வகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். மில்லின் நெட்வொர்க்கை அப்படியே கம்ப்யூட்டரில் உண்டாக்கினேன். எல்லா உணர்கருவிகளையும் ஒரே சமயத்தில் எழுப்பினேன், அந்தக் குழப்பத்துக்கு நடுவில் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிதாக, முதல் தோசையை மட்டும் அளந்தேன். பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ட்ரோலரைக் கேள்வி கேட்டு மூச்சு முட்ட வைத்தன. பட்டனின் தகவல் வரிசையில் நின்றது. வரிசை நிரம்பியதும் கீழே விழுந்தது. பட்டன் மூன்று முறை அனுப்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. சில தடவை சங்கு ஊதியது. பல தடவை ஊதவில்லை. கண்ட்ரோலர் வரை போகவே போகாததால் பதிவேட்டில் எதுவும் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மாவுக்காக அழுதேன் என்று சொல்ல ஆசைதான். எனக்காகத்தான் அழுதேன். இதை வெளியே சொன்னால் ஐந்தாம் அத்தியாயம் போயிற்று.

நெறியாளரிடம் காட்டினேன். நல்ல மனிதர், நிதானமாகப் பார்த்தார். "இது தனி ஆய்வும்மா. இப்போ இதைத் தொட்டா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். வருங்காலத்தில் செய்ய வேண்டியதுன்னு ஒரு வரி போட்டு முடிங்க. வாய்மொழித் தேர்வு முடியட்டும், அப்புறம் சாவகாசமா எழுதலாம்" என்றார். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் மனதில் இருந்ததைத்தான் சொன்னார். முதல் தகவலின் தாமதம் தனியே ஆராயத் தக்கது என்று ஒரு வரி போட்டேன். ஒரு பெண்ணின் சாவையும் ஒரு ஆணின் மானத்தையும் அந்த ஒரு வரிக்குள் மடித்து வைத்தேன்.

தேர்வு ஏழு மாதம் கழித்து வந்தது. சால்வை போட்டார்கள். துறை முழுக்க இனிப்புக் கொடுத்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வரைபடங்கள் சுத்தமாக இருப்பதாகப் பாராட்டினார். அந்த வாரமே, முனைவர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு, மில்லுக்குக் கடிதம் எழுதினேன். என் அறிக்கை தவறு, பட்டனை அமுக்கியும் சங்கு ஊதாமல் போக முடியும், அவர் மேல் குற்றமில்லை, பழைய தனி ஒயரை உடனே திரும்பப் போடுங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் படித்தார்.

"ஒயரை அப்பவே போட்டுட்டோம் மேடம்" என்றார். "அவர் விசயம் முடிஞ்சுபோச்சு. அவரே வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். இப்போ எதுக்குக் கிளறிக்கிட்டு?"

ஒயரை அப்போதே போட்டுவிட்டார்கள். அப்படியென்றால் சங்கின் மேல் அவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சண்டை போட்டு என் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்கு வந்த வீராப்பை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆலங்குளத்தில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தேன். மழை பொய்த்த வருடம். சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றது, ரோட்டோரத்து வேப்பமர இலைகளில் சிமெண்டு ஆலையின் தூசி. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடையில் கேட்டதும், "யாரு, மில்லுல தீப்புடிச்சப்ப ஓடியாந்தாரே, அவியளா?" என்று வழி காட்டினார்கள். அந்த வீட்டுக்கு இப்போது அதுதான் அடையாளம்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னேன். "அவிய பொறவாசல்ல இருக்காவ" என்று மட்டும் சொல்லி வழி விட்டார்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காக்கி இல்லை, கைலி. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றார். முகம் வற்றிப்போயிருந்தது. மில்லில் இறந்துபோன அந்த அம்மாவின் வீட்டுக்காரர் பக்கத்து ஊர்தானாம், எதிரில் வந்தால் பாதை மாறிப் போகிறாராம். மனைவிதான் அதைச் சொன்னார், அவர் சொல்லவில்லை.

கடிதத்தை நீட்டினேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். பரீட்சைக்காகக் காத்திருந்ததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கடிதத்தை எட்டப் பிடித்து மெதுவாகப் படித்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

"மேடம்" என்றார். "அன்னிக்கு நான் பட்டன அமுக்குனேனா?"

எனக்குப் புரியவில்லை. "அமுக்கினீங்க அண்ணே. நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அப்ப தெரிஞ்சுது. பொறவு அம்புட்டுப் பேரும் இல்லன்னாவ. கம்ப்யூட்டரும் இல்லன்னுட்டு. நீங்களும் இல்லன்னிய. நீங்க படிச்சவிய, தெரியாமலா சொல்லுவியன்னு நெனச்சேன். ஓடுற அவசரத்துல அமுக்குனதா நெனச்சுக்கிட்டோமோ என்னமோ. கனவுல தெனமும் அமுக்குதேன். அதுல எது கனவு, எது அன்னிக்கு நடந்ததுன்னு இப்ப வெவரம் தெரியல."

"விரலைப் பாருங்க அண்ணே" என்றேன். கட்டைவிரலில் வெள்ளையாக, நீளமாக ஒரு தழும்பு இருந்தது. "கண்ணாடி கிழிச்ச தழும்பு."

அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலி கிழிச்சதா இருக்கும்னுல்ல மேடம் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"இல்ல அண்ணே. கடிதத்துல எழுதியிருக்கேனே. அளந்து பார்த்து எழுதியிருக்கேன்."

அவர் மடியில் இருந்த கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குத்திக்காட்டும் தொனியே இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

"முந்துன பேப்பரும் நீங்க அளந்து எழுதுனதுதான மேடம்?"

அவர் மனைவி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தேன். பிறகு எழுந்து நின்று, கையைக் கூப்பி, "நான் சொல்றேன் அண்ணே. நீங்க அமுக்கினீங்க" என்றேன்.

அவரும் எழுந்துவிட்டார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"சரி மேடம்" என்றார். அது நம்பியவர் சொல்லும் சரி இல்லை. மேலே இருப்பவர் சொல்லிவிட்டதால் சொல்லும் சரி.